ரொறன்ரோவிலிருந்து வன்கூவர்வரை: ஆறு பேர், ஒரு வான், ஏழாயிரம் டொலர்

கேள்வி: 2025 ஜனவரி 12

நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். நானும் மனைவியும், 15, 11, 7 வயதுகளில் மூன்று பிள்ளைகளும், மனைவியின் தாயாருமாக ஆறு பேர். ஏழு இருக்கை கொண்ட வான் இருக்கிறது. பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஜூன் 28இல் புறப்பட்டு, நான்கு வாரத்தில் வன்கூவர் போய்த் திரும்ப எண்ணுகிறோம். மொத்தமாக 7,000 டொலருக்கு மேல் இறைக்க வசதியில்லை. அம்மம்மாவுக்கு முழங்கால் வலி. நிலத்தில் படுத்து எழும்ப மாட்டார். கல்கரியில் மனைவியின் மச்சாள் குடும்பமும், வன்கூவருக்கு அருகே சர்ரேயில் என் நண்பன் ஒருவனும் இருக்கிறார்கள். வேலையிடத்தில் கேட்டால், விமானத்தில் போவதே மலிவு என்கிறார்கள். அனுபவப்பட்ட அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள்: இது நடக்கிற காரியமா?

2025 ஜனவரி 13

நடக்கும். ஆனால் நீங்கள் பெற்றோலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கவலைப்பட வேண்டியது இரவுகளைப் பற்றி. எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்பதைவிட, ஒவ்வொரு இரவும் ஆறு பேரை எங்கே படுக்க வைக்கிறீர்கள் என்பதே இந்தப் பயணத்தின் செலவைத் தீர்மானிக்கும். இரண்டு இரட்டைக் கட்டில் உள்ள மோட்டல் அறைகளில் பெரும்பாலும் நான்கு பேருக்குத்தான் அனுமதி. ஆறு பேர் என்றால் இரண்டு அறை, அல்லது சமையலறையோடு கூடிய பெரிய அறை. ஜூலை மாதத்தில் ஓர் அறையே 180 டொலர் என்று வைத்தால், 28 இரவுக்கு ஓர் அறைக்கு மட்டும் 5,040 டொலர் போய்விடும். இரண்டு அறை எடுத்தால் உங்கள் 7,000 டொலர் மூன்றாவது வாரம் முடியுமுன்பே தீர்ந்துவிடும்.

தூரத்தையும் ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கனடாவுக்குள்ளேயே ஓடினால் ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் ஏறத்தாழ 4,400 கிலோமீற்றர். இதில் ஒன்ராறியோவின் மேற்கு எல்லையைத் தாண்டுவதற்கே 1,900 கிலோமீற்றர் ஓட வேண்டும். சூ செயின்ட் மேரி 700, அங்கிருந்து தண்டர் பே இன்னொரு 700, அங்கிருந்து வின்னிபெக் மேலும் 700. புதிதாகப் போகிறவர்கள் "ஒரே மூச்சில் ஓடி மலைக்குப் போய்விடுவோம்" என்று இந்தப் பகுதியை இரவிலும் விழுங்கப் பார்ப்பார்கள். அந்த எண்ணத்தை இன்றைக்கே கைவிடுங்கள். சுப்பீரியர் ஏரியின் வடகரையில் 17ஆம் இலக்கப் பாதையில் பல இடங்களில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம்தான். பொழுது சாய்ந்தால் மூஸ் என்னும் பெரிய மான் பாதைக்கு வரும். கரிய உடல், நீண்ட கால்கள். முன்விளக்கின் ஒளி அதன் கண்ணுக்கு எட்டுவதில்லை, உடம்பு இருட்டோடு இருட்டாக நிற்கும். நாங்கள் ஒருமுறை மரத்தன் என்னும் ஊருக்குக் கிழக்கே அறை கிடைக்காமல் இருட்டில் ஓட வேண்டி வந்தது. முன்னால் போன பார வண்டி திடீரென்று பிரேக் போட்டதால்தான் அப்படி ஒன்று நின்றதை நான் கண்டேன். அதன் பிறகு ஆறு மணிக்குள் வண்டியை நிறுத்துவது எங்கள் வீட்டுச் சட்டம்.

2025 ஜனவரி 13, இரவு

கணக்கு கேட்டிருக்கிறீர்கள். போக வர 8,800 கிலோமீற்றர், அங்கங்கே சுற்றுவதற்கு 1,700, ஆக 10,500. உங்கள் வான் நூறு கிலோமீற்றருக்குப் பத்து லீற்றர் குடித்தால் 1,050 லீற்றர். சராசரி 1.55 டொலர் என்று பிடித்தால் ஏறத்தாழ 1,630 டொலர். பன்னிரண்டு இரவு பூங்கா முகாம்களில் தங்கினால், முன்பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து இரவுக்கு 50 வீதம் 600. ஆறு இரவு உறவும் நட்பும். மீதிப் பத்து இரவுக்குக் கூரையுள்ள இடம், 170 வீதம் 1,700. நாங்களே சமைத்தால் சாப்பாட்டுக்கு நாளுக்கு 70, ஆக 1,960. பூங்கா அனுமதி, அருங்காட்சியகம், பேருந்து எல்லாவற்றுக்கும் 600. கூட்டினால் 6,490. கையில் 510 மிஞ்சும். அதைத் தொடாதீர்கள், அது டயருக்கும் காய்ச்சலுக்கும் உரியது.

பயணத்துக்கு முந்திய எண்ணெய் மாற்றமும் பிரேக் சோதனையும் இந்தக் கணக்கில் இல்லை. அவை போகாவிட்டாலும் செய்ய வேண்டியவை.

2025 ஜனவரி 15

விமானமே மலிவு என்று பிரம்டன் நண்பர் இங்கும் எழுதியிருக்கிறார். இரண்டு பேருக்கு அது உண்மை. ஆறு பேருக்குக் கல்கரி போய்வர ஆளுக்கு 450 டொலர் என்று வைத்தாலே 2,700. அங்கே இறங்கியதும் ஏழு இருக்கை வான் வாடகைக்கு வேண்டும். ஜூலையில் நாளுக்கு நூறு டொலருக்குக் குறைவாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். பத்து நாள் பயணம் என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள். நான்கு வாரம் கையில் இருக்கும்போது சொந்த வாகனத்தை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

அமெரிக்கா வழியாக ஓடினால் கொஞ்சம் குறையுமே என்று மற்றொருவர். பாதை நல்லது, பெற்றோலும் மலிவு. ஆனால் அம்மம்மா இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், கனடாவில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும் அமெரிக்க விசா வேண்டும். எல்லையில் போய் நின்றுகொண்டு யோசிக்கிற விடயமல்ல. கனடாவுக்குள்ளும் ஒன்றைக் கவனியுங்கள்: ஒன்ராறியோ நலக் காப்புறுதி மற்ற மாகாணங்களில் மருத்துவரையும் மருத்துவமனையையும் பெரும்பாலும் கவனித்துக்கொள்ளும், அங்கே ஏறுகிற அம்புலன்ஸுக்குப் பணம் தராது. அவர் சூப்பர் விசாவில், அதாவது பெற்றோருக்கான நீண்டகால வருகை விசாவில், வந்தவர் என்றால் அவருடைய தனியார் காப்புறுதியை எடுத்து வரிவரியாகப் படியுங்கள்.

2025 ஜனவரி 19

முன்பதிவு. இதை நான் நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் பணம் மிஞ்சுவதும் அழிவதும் இங்கேதான்.

தேசியப் பூங்காக்களின் முகாம்களுக்குப் பதிவு குளிர்காலத்திலேயே திறந்துவிடும். எல்லாப் பூங்காவுக்கும் ஒரே நாளல்ல; பான்ஃபுக்கு ஒரு நாள், ஜாஸ்பருக்கு வேறு நாள் என்று பார்க்ஸ் கனடா தனித்தனியாக அறிவிக்கும். காலை எட்டு மணி என்றால் அந்தப் பூங்காவின் நேரப்படி எட்டு. அல்பேர்ட்டாவில் எட்டு என்றால் ரொறன்ரோவில் பத்து. கணக்கைத் தொடங்கி, வாகன இலக்கம், கடனட்டை விபரங்களை முன்கூட்டியே ஏற்றி வையுங்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களுக்கு முறை வேறு: வந்து சேரும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்னால், காலை ஏழு மணிக்குத் திறக்கும். ஜூன் 28க்கு வேண்டுமானால் ஜனவரி 28 காலை ஏழு மணி.

அம்மம்மாவுக்குக் கூடாரம் ஒத்துவராது என்பதால் முகாமையே ஒதுக்கிவிடாதீர்கள். பல தேசியப் பூங்காக்களில் ஓடென்டிக் என்று ஒன்று உண்டு: பலகைத் தரை, தடித்த கித்தான் கூரை, உள்ளே மெத்தையோடு கட்டில்கள், ஆறு பேர் படுக்கலாம். சாதாரணக் கூடார இடத்தைவிட விலை பல மடங்கு. ஆனால் இரண்டு மோட்டல் அறைகளோடு ஒப்பிட்டால் எவ்வளவோ குறைவு. கூடார இரவுகளில் அவருக்கு உயரமான மடக்குக் கட்டில் ஒன்று போதும். எங்கள் அம்மாவுக்கும் அதைத்தான் கொண்டுபோனோம். முதல் இரவு முழுவதும் எங்களைத் திட்டிக்கொண்டு படுத்தவர், மூன்றாம் இரவு எங்களுக்கு முதல் நித்திரையாகிவிட்டார்.

நகரங்களில் பல்கலைக்கழக விடுதிகளைத் தேடுங்கள். கோடையில் மாணவர்கள் வீட்டுக்குப் போனபின் கல்கரி, வன்கூவர் போன்ற இடங்களில் அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். சில தொகுதிகளில் சமையலறையும் இருக்கும். அழகு குறைவு, சுத்தம் உண்டு, வாகனம் நிறுத்தவும் இடமுண்டு. இதைத் தமிழ்க் குடும்பங்கள் ஏனோ எண்ணிப் பார்ப்பதேயில்லை.

2025 ஜனவரி 28

இன்று காலை ஏழு மணிக்குப் பதிவு செய்தீர்களா? பான்கேக் பே மாகாணப் பூங்கா கிடைக்காவிட்டால் ஏமாற வேண்டாம். சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவில் அகாவா பே முகாம் இருக்கிறது, கரையோரம். இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட வேண்டும், அவ்வளவுதான். கனடா தினத்தை ஒட்டிய வார இறுதி என்பதால் மின்வசதியுள்ள இடங்கள் முதலில் போகும்.

2025 பெப்ரவரி 16

உறவினர் வீடுகளில் ஆறு இரவு என்று நான் போட்ட கணக்கைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தது. மனைவி சிரித்தார். "அந்த ஆறு இரவும் இலவசம் என்று எழுதினீர்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். கல்கரி மச்சாள் வீட்டில் மூன்று இரவு தங்கினால், போகும்போது வெறுங்கையோடு போக முடியாது. ரொறன்ரோவிலிருந்து பலகாரமும் கருவாடும் மிளகாய்த்தூளும் கொண்டுவரச் சொல்வார்கள். புறப்படும் நாளில் அவர்களுடைய பிள்ளைகளின் கையில் ஏதாவது வைக்க வேண்டும். அதுகூடப் பெரிதில்லை. பணத்தைவிட அதிகம் செலவாவது நாள். காலை பத்து மணிக்கு வெளிக்கிட முடியாது, தோசை இருக்கிறது. மாலையில் இன்னொரு வீட்டில் சொல்லி வைத்திருப்பார்கள். மலையைப் பார்க்க வந்த பிள்ளைகள் நிலவறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஆறு இரவு என்பதை நான்காகக் குறைக்கச் சொல்கிறேன்: கல்கரியில் இரண்டு, சர்ரேயில் இரண்டு. கூடும் இரண்டு இரவையும் முகாமில் கழித்தால் நூறு டொலர்தான் ஏறும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நெடும்பயணத்தின் நடுவில் ஒரு வீடு என்பது துணி துவைக்க, முடி கழுவ, அம்மம்மா தன் வயதுக்காரர் ஒருவரோடு வாய்விட்டுப் பேச வேண்டிய இடம். அதை முழுவதும் வெட்டினால் பயணம் கசந்துவிடும். இன்னொன்று: கல்கரி ஸ்டம்பீட் திருவிழா இந்த ஆண்டு ஜூலை 4 முதல் 13 வரை. அந்த நாட்களில் நகரில் அறை விலை எரியும். மச்சாள் வீட்டு இரவுகள் இரண்டையும் அந்த வாரத்தில் விழும்படி வையுங்கள்.

2025 மார்ச் 9

சாப்பாடு. மின்வசதியுள்ள முகாம் இடத்தில் சோற்றுச் சட்டி வேலை செய்யும். மற்ற இடங்களில் இரண்டு எரிவாய் கொண்ட புரொப்பேன் அடுப்பு. காட்டுத் தீ அச்சத்தால் விறகுத் தீக்குத் தடை வந்தாலும் இந்த அடுப்புக்குப் பொதுவாக அனுமதி உண்டு. அந்தந்தப் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து விறகு ஏற்ற வேண்டாம். மரத்தைத் தின்னும் பூச்சிகள் விறகோடுதான் ஊர்விட்டு ஊர் போகின்றன. போன இடத்திலேயே வாங்குங்கள்.

அரிசி, பருப்பு, தூள் வகைகளை இங்கிருந்தே கொண்டு போங்கள். மரக்கறி, பால், கோழி ஆகியவற்றைத் தண்டர் பே, வின்னிபெக், ரெஜைனா போன்ற நகரங்களின் பெரிய கடைகளில் மட்டும் வாங்குங்கள். இடையிலுள்ள சிற்றூர்களில் விலை இரட்டிப்பாக இருக்கும் என்பதில் வியப்பில்லை. அவ்வளவு தூரம் கொண்டுவர வேண்டும்.

மச்சாளுக்கான கருவாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்கரியில் இறக்கிவிட்டு மலைக்குப் போங்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பான்ஃபிலும் ஜாஸ்பரிலும் முகாம் மேசையில் வாசனையுள்ள எதையும் விட்டுவைக்கக் கூடாது. உணவு, சமைத்த சட்டி, கழுவாத கோப்பை, பற்பசை, நாய்ச் சாப்பாடு எல்லாமே பூட்டிய வாகனத்துக்குள் அல்லது அதற்கென்று வைத்த பெட்டிக்குள் போக வேண்டும். விட்டால் அபராதம் வரும். கரடி மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டால் கடைசியில் அதைத்தான் சுடுவார்கள். கூடாரத்துக்குள் பிள்ளைகள் மிக்ஸர் பொட்டலம் ஒளித்து வைக்காமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு. 7 வயதுக்காரரை நான் சந்தேகிக்கிறேன், 15 வயதுக்காரரை அதைவிட.

2025 ஏப்ரல் 2

நேற்று முதல் நுகர்வோர் காபன் வரி நீங்கியது. பெற்றோலில் அது லீற்றருக்கு 17.6 சதமாக இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவும் தன் சொந்த வரியை அதே நாளில் எடுத்துவிட்டது. உங்கள் 1,050 லீற்றருக்கு ஏறத்தாழ 185 டொலர் குறையும். கொண்டாடுவதற்கு முன்னால் இன்னொன்று: காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக்கு வந்துகொண்டிருந்த அந்த வரியின் மீளளிப்பும் இந்த மாதத்தோடு நிற்கிறது. பயணக் கணக்கில் லாபம், வீட்டுக் கணக்கில் அப்படி இருக்க வேண்டியதில்லை.

2025 ஏப்ரல் 20

மொரேன் ஏரி. படங்களில் எல்லோரும் காட்டும் நீல நீர் அதுதான். 2023 முதல் சொந்த வாகனத்தில் அங்கே போக முடியாது. லேக் லூயிஸ் பனிச்சறுக்குத் தலத்தில் வானை நிறுத்திவிட்டு, பார்க்ஸ் கனடாவின் பேருந்தில் போக வேண்டும். இருக்கைகளில் 40 விழுக்காட்டை ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். மீதி 60 விழுக்காடு, புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் காலை எட்டு மணிக்கு, மலைநாட்டு நேரப்படி திறக்கும். ஏப்ரலில் கிடைக்கவில்லை என்று எழுதியவர்கள் அந்த இரண்டாம் வாய்ப்பை நம்பலாம். நாங்கள் அப்படித்தான் போனோம். ஒரே இருக்கைச் சீட்டில் லூயிஸ் ஏரிக்கும் மொரேன் ஏரிக்கும் இடையில் மாறிக்கொள்ளலாம். ஏரிக்கரையில் வாகனம் நிறுத்தும் கட்டணத்தைப் பார்த்தால், ஆறு பேருக்கும் பேருந்துதான் மலிவு.

பனியாற்றின் மேல் ஏற்றிச் செல்லும் பெரிய சக்கர வண்டியைப் பற்றி: ஆளுக்கு நூறு டொலரைத் தாண்டும். ஆறு பேர் என்றால் ஒரு வாரச் சாப்பாட்டுப் பணம். அதபாஸ்கா பனியாற்றின் அடிவாரம்வரை நடந்துபோய்ப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று வழியெங்கும் ஆண்டு எழுதிய பலகைகள் நிற்கும். அதுதான் பிள்ளைகளுக்குப் பாடம். வண்டியில் ஏறினால் அது தெரியாது.

2025 மே 30

மனிற்றோபா மாகாணம் காட்டுத் தீயால் நேற்று முன்தினம் அவசரநிலை அறிவித்தது. ஃபிளின் ஃபிளொன் உட்பட வடக்கே பதினேழாயிரம் பேர் வரை வெளியேற்றப்படுகிறார்கள். நேற்று சஸ்காச்சுவானும் அறிவித்தது. "பயணத்தை விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எரிகிற இடங்கள் உங்கள் பாதைக்கு வெகு வடக்கே. தீ உங்களைத் தொடாமலே புகை தொடும் என்பதுதான் சிக்கல்.

ஜனவரியில் முன்பதிவை வலியுறுத்தி எழுதியவன் நானே. அதில் இப்போது எனக்கு இரண்டாம் எண்ணம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஜூலை 22 இரவு ஜாஸ்பரில் இருந்த அத்தனை பேரையும் வெளியேறச் சொன்னார்கள். இரண்டு நாளில் தீ நகருக்குள் புகுந்து கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கை எரித்தது. வெளியேறியவர்களில் முகாமில் இருந்த சுற்றுலாக் குடும்பங்களும் ஏராளம். ஆகவே மலைப்பகுதி இரவுகளை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவை பிறகு கிடைக்காது. சமவெளியின் இரவுகளை மட்டும் கடைசிவரை இரத்துச் செய்யக்கூடிய இடங்களாக மாற்றுங்கள். அந்தச் சுதந்திரத்துக்குப் பத்துப் பதினைந்து டொலர் அதிகம் கொடுப்பதில் தவறில்லை. ஒவ்வொரு காலையும் கனடாவின் காற்றுத் தர நலச் சுட்டெண்ணை (AQHI) பாருங்கள். ஏழுக்கு மேல் போனால் அம்மம்மாவோடு வெளியில் படுக்க வேண்டாம். வானில் காற்றை உள்ளேயே சுழலவிட்டு அடுத்த நகரத்துக்கு ஓடுங்கள். பெற்றோல் தாங்கியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

2025 ஜூன் 17

கனடா ஸ்ட்ரோங் பாஸ் என்னும் மத்திய அரசின் கோடைச் சலுகை பற்றி நேற்று அறிவித்துவிட்டார்கள். ஜூன் 20 முதல் செப்டெம்பர் 2 வரை தேசியப் பூங்காக்களுக்கு நுழைவு இலவசம், முகாம் கட்டணத்தில் 25 விழுக்காடு தள்ளுபடி. அட்டை எதுவும் வாங்க வேண்டியதில்லை; வாசலில் போய் நின்றால் போதும். ஆண்டு அனுமதியான டிஸ்கவரி பாஸை இன்னும் வாங்காதவர்கள் பணத்தைப் பையில் வையுங்கள். 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தேசியப் பூங்கா 2018 முதலே இலவசம். இப்போது மூன்று பெரியவர்களின் கட்டணமும் போகிறது. வின்னிபெக்கில் உள்ள மனித உரிமை அருங்காட்சியகம் தேசிய அருங்காட்சியகம் என்பதால், உங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் அங்கே நுழைவு இலவசம். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களுக்கு இது செல்லாது. அகாவா பேக்குக் கட்டிய பணம் கட்டியதுதான்.

மார்க்கம் அக்கா ஒருவர், பிள்ளைகளுக்கு வியா ரயிலும் இலவசமாமே, ரயிலிலேயே போகலாமா என்கிறார். பெரியவரோடு போகும் பிள்ளைகளுக்கு இலவசம் என்பது உண்மை. ரொறன்ரோ–வன்கூவர் ரயில் நான்கு இரவு ஓடும். இருக்கையில் உட்கார்ந்தபடியே நான்கு இரவு. முழங்கால் வலியுள்ளவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். இறங்கிய பிறகு மலைக்குள் போக வாகனமும் இருக்காது.

இலவசம் என்றால் கூட்டம் வரும். பான்ஃபில் காலை எட்டு மணிக்குள் சேராவிட்டால் வாகனம் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகும்.

2025 ஜூலை 1

ஸ்காபரோக் குடும்பத்தார் தண்டர் பேயிலிருந்து எழுதியிருக்கிறார்கள்: வாவாவின் பெரிய வாத்துச் சிலைக்கு முன்னால் படம் எடுத்தாயிற்று, அகாவா பேயில் இரண்டு இரவு, தண்ணீர் பனிக்கட்டி போல இருந்ததால் அம்மம்மா கால் மட்டும் நனைத்தார். நல்லது. புற்றுநோய் ஆய்வுக்குப் பணம் திரட்ட ஓடிய டெரி ஃபொக்ஸின் நினைவிடத்தையும் பார்த்திருக்கிறார்கள். 1980 செப்டெம்பர் 1இல், 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடிய பிறகு, அவர் நிறுத்த நேர்ந்தது அதன் அருகில்தான். கிழக்குக் கரையிலிருந்து ஒற்றைக் காலோடு அவ்வளவு தூரம் வந்தவரைப் பற்றிச் சொன்னபின், வானில் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வி நின்றுவிட்டதாம். ஒரு மணி நேரத்துக்கு.

நிபிகன் பாலத்தைத் தாண்டும்போது கவனித்தீர்களா? கனடாவுக்குள் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பாதைகள் அனைத்தும் அந்த ஓர் ஆற்றுப் பாலத்தில்தான் ஒன்றாகின்றன. 2016 ஜனவரியில் அதன் தளம் ஒரு பக்கம் மேலெழுந்து பாலம் மூடப்பட்டபோது, அமெரிக்காவைச் சுற்றாமல் வாகனத்தில் நாட்டைக் கடக்க வழியே இருக்கவில்லை. தண்டர் பேக்கு மேற்கே ஒரு மணி நேரம் பின்வாங்கும் என்பதையும் மறக்காதீர்கள். முகாம் வாசல் மூடும் நேரத்தைக் கணக்கிடும்போது அது உங்களுக்குச் சாதகம், திரும்பி வரும்போது பாதகம்.

2025 ஜூலை 14

சர்ரேயிலிருந்து கேள்வி: விக்டோரியாவுக்குப் படகில் போகலாமா? வானோடு ஆறு பேரும் போய்வர முந்நூறு டொலரைத் தாண்டும். உங்களிடம் மிஞ்சியிருப்பதைக் கேட்டபின் சொல்கிறேன்: விடுங்கள். ஸ்டான்லி பூங்காவும், பொதுப் போக்குவரத்துச் சீட்டிலேயே ஏறக்கூடிய சீபஸ் படகும் பிள்ளைகளுக்குப் போதும்.

திரும்பும் பாதையைப் பற்றி. மனிற்றோபா 10ஆம் திகதி மறுபடியும் அவசரநிலை அறிவித்திருக்கிறது. வின்னிபெக்கில் புகை மோசம் என்கிறார்கள். வந்த வழியே போகாமல் கம்லூப்ஸ், ஜாஸ்பர், எட்மன்டன், சஸ்கற்றூன் வழியாக 16ஆம் பாதையில் போவதுதான் முதல் திட்டம். அது வடக்கே போகிறது என்பதால் புகையும் கூடலாம். ஜாஸ்பர்வரை உறுதியாகப் போங்கள். நகருக்கு அருகே எரிந்த காட்டைக் காணும்போது பிள்ளைகளிடம் பேச நிறைய இருக்கும், அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கும் நீங்கள் வாங்கும் ரொட்டி உதவும். எட்மன்டனில் வைத்து, அன்றைய காற்றைப் பார்த்து, நேரே போவதா கல்கரிக்கு இறங்கி முதலாம் இலக்கப் பாதையைப் பிடிப்பதா என்று முடிவெடுங்கள். இரத்துச் செய்யக்கூடிய இரவுகள் இதற்குத்தான்.

2025 ஆகஸ்ட் 8

வேறொரு வாசகர், மேற்கை விட்டுக் கிழக்கைக் கேட்கிறார். ஆகஸ்ட் 1 முதல் கொன்ஃபெடரேஷன் பாலத்தின் கட்டணத்தை 50.25 டொலரிலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். பிரின்ஸ் எட்வர்ட் தீவை விட்டு வெளியேறும்போது மட்டும் கட்ட வேண்டும். நோவா ஸ்கோசியாவில் வறட்சியால் 5ஆம் திகதி முதல் காட்டுக்குள் நுழையத் தடை, மீறினால் 25,000 டொலர் அபராதம். கடற்கரைக்குப் போகலாம், மலையேற்றப் பாதைகளுக்குப் போக முடியாது. கூடாரத்தோடு போகிறவர்கள் முகாம் திறந்திருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டே வீட்டை விட்டு இறங்குங்கள்.

2025 செப்டெம்பர் 7

பயணம் போய்வந்த ஸ்காபரோத் தம்பி கணக்கைப் போட்டிருக்கிறார்: 7,260 டொலர். பெற்றோல் நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு. முகாமும் குறைவு. சாப்பாடு மட்டும் நாளுக்கு 70 என்பது 92 ஆகியிருக்கிறது. பதினைந்து வயதுப் பையன் மலைக்காற்றில் எவ்வளவு சாப்பிடுவான் என்பதை அவர் என்னைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டியவர். மீதி அதிகச் செலவு, புகையிலிருந்து விலகி எடுத்த இரண்டு மோட்டல் இரவுகள். அந்த இரண்டு இரவையும் நான் குறை சொல்ல மாட்டேன். பனியாற்று வண்டியில் அம்மம்மாவையும் கடைசி மகளையும் மட்டும் ஏற்றியதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். வேண்டியதில்லை, நடக்க முடியாதவருக்குத்தான் அந்த வண்டி.

திரும்பும்போது நிபிகனுக்குப் பிறகு 17ஐ விட்டு 11ஆம் பாதையில் ஹேர்ஸ்ட், கப்பஸ்கேசிங் வழியாக வந்தது நல்ல முடிவு. ஏரியின் காட்சி கிடையாது, மேடு பள்ளம் குறைவு, அறை விலையும் குறைவு.

அடுத்த கோடையில் நியூஃபவுண்ட்லாந்து என்கிறார். ஹலிஃபக்ஸ் இங்கிருந்து 1,800 கிலோமீற்றர்தான், ஓட்டம் பாதிக்கும் குறைவு. வடக்கு சிட்னியிலிருந்து போர்ட் ஓ பாஸ்குவுக்கு வானோடு ஏழு மணி நேரப் படகு. ஜூலைக்கு அந்த இடத்தைப் பதிவு திறந்தவுடன் பிடியுங்கள், முகாமை அதற்குப் பிறகு அந்தத் திகதிகளுக்கு ஏற்பத் தேடலாம். இரவுப் படகில் அம்மம்மாவுக்கு மட்டுமாவது படுக்கை எடுங்கள்.